அன்னையர் தினமும் உம்மாவின் வளவும்

மே மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை அன்னையர் தினமெனக் கொண்டாடும் வழக்கம் நமது கரையோர ஊர்களிலும் புகுந்துவிட்டது. கல்முனைக் கடைத்தெருவில் அந்த வாரம் வாழ்த்து அட்டைகள் பரப்பப்படுகின்றன. சேலைக் கடைக்காரர் விலைக் கழிவு அறிவிக்கிறார். பாடசாலைகளில் சிறுவர் தாளை மடித்துப் பூச்செய்து வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். இதனைப் பழிப்பது நமது நோக்கமன்று. பிள்ளை தன் தாயை ஆண்டில் ஒருநாளாவது நினைத்துக்கொள்வதில் தீங்கென்ன இருக்கின்றது? ஆயினும், ஒரு விழா எங்கே பிறந்தது, எவர் கையில் வளர்ந்தது, பின்னர் எவர் கைக்கு மாறிற்று என்பவற்றை அறியாமற் கொண்டாடுவது ஆசிரியருக்கும் மாணவருக்கும் அழகன்று.

இந்நாள் பிறந்தது நன்றியறிதலில் அன்று, பிள்ளைச் சாவில்.

ஐக்கிய அமெரிக்காவில் இன்று மேற்கு வர்ஜீனியா எனப்படும் மலைப்புறத்திலே ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்றொரு மாது வாழ்ந்தார். 1832 இற் பிறந்தவர். அவர் ஈன்ற பிள்ளைகள் பத்துக்கு மேல். வளர்ந்து ஆளானவர் நால்வரே. அம்மை, நெருப்புக் காய்ச்சல், தொண்டை அடைப்பான் என ஒவ்வொரு நோயும் ஒவ்வொரு பிள்ளையைக் கொண்டு சென்றது. அக்காலத்தில் இது அவர் ஒருவரின் விதியன்று. அம்மலைப்புறத்துத் தாய்மார் பலரின் வாழ்வும் அதுவே. பலர் அதனை இறைவன் சித்தமென்று சொல்லிக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டனர். ஜார்விஸ் அம்மையார் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். 1858 இல் கிராப்ரனிலும் அதனை அடுத்த சிற்றூர்களிலும் தாய்மார் வேலைக் கழகங்களை அமைத்தார். ‘வேலை’ என்னும் சொல்லை வாசகர் கவனித்தல் வேண்டும். அக்கழகத்துப் பெண்கள் வீடுவீடாகச் சென்று கழிவு நீரையும் குடிநீரையும் பற்றிப் பேசினர். விற்பனைக்கு வரும் பாலைச் சோதித்தனர். மருந்து வாங்கப் பணம் திரட்டினர். தாய் காசநோயில் விழுந்த வீட்டிலே சமையலுக்கும் பிள்ளை பராமரிப்புக்கும் ஆள் அமர்த்திக் கொடுத்தனர். மருத்துவரான அவருடைய சகோதரர் இவற்றுக்கெல்லாம் துணைநின்றார். உள்நாட்டுப் போர் மூண்டபோது, அக்கழகங்கள் வடக்கென்றும் தெற்கென்றும் பாராது இருபுறத்துப் படையாட்களுக்கும் பணிவிடை செய்தன. போர் முடிந்து 1868 இல், ஒருவரையொருவர் சுட்ட குடும்பங்களை ஒரே முற்றத்திற் கூட்டித் தாய்மார் நட்பு நாள் ஒன்றையும் அவர் நடத்தினார்.

இரண்டாண்டு கழித்து, பொஸ்ரன் நகரத்து எழுத்தாளரும் அடிமை முறையை எதிர்த்தவருமான ஜூலியா உவார்ட் ஹவ், ஐரோப்பாவிலே பிரான்சும் புருசியாவும் பொருதுவதைக் கண்டு, உலகப் பெண்களுக்கு ஓர் அறைகூவல் விடுத்தார். தாம் பெற்று வளர்த்த மக்கள் பிற தாய்மாரின் மக்களைக் கொல்லப் புறப்படுவதைத் தாய்மார் இனிப் பொறுக்கலாகாது என்பதே அதன் சாரம். சமாதானத்துக்கான தாய்மார் நாள் ஒன்றைச் சில ஆண்டுகள் யூன் மாதத்தில் நடத்தியும் பார்த்தார். அது நிலைக்கவில்லை. போருக்கு எதிராகத் தாய்மார் கூடும் ஒரு நாளுக்கு எந்த அரசாங்கந்தான் விடுமுறை கொடுக்கும்?

நிலைத்த நாள் வேறு. ஆன் ஜார்விஸ் 1905 மே மாதத்தில் மறைந்தார். அவருடைய மகள் ஆனா ஜார்விஸ், தாயின் நினைவாக 1908 மே 10 ஆம் நாள் கிராப்ரன் தேவாலயத்திலே ஒரு வழிபாட்டுக்கு ஒழுங்கு செய்து, வந்தவர்க்கு வழங்கவென்று ஐந்நூறு வெண்ணிறக் காணேசன் மலர்களை அனுப்பிவைத்தார். தாமோ அன்று பிலடெல்பியாவில் உவானமேக்கர் என்னும் பெருவணிகரின் கடை மண்டபத்துக் கூட்டத்திற் பேசினார். விழா பிறந்த அன்றே அதற்கு ஒரு தேவாலயமும் ஒரு பெருங்கடையும் வாய்த்துவிட்டன! ஆறே ஆண்டுகளில், 1914 மே 9 இல், ஜனாதிபதி வில்சன் அதனை நாடளாவிய நாளெனப் பிரகடனஞ் செய்தார்.

தாய்க்கும் மகளுக்கும் இடையே நேர்ந்த மாற்றத்தை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். தாய் நடத்தியது தாய்மார் கூடிச் செய்யும் வேலை. மகள் கேட்டதோ ஒவ்வொரு பிள்ளையும் தன் ஒரு தாயை வீட்டுக்குள்ளே நினைந்து போற்றும் நாள். தினத்தின் பெயரைப் பன்மையில் எழுதலாகாது, ஒருமையிலேயே எழுத வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். பாலும் சாக்கடையும் மருந்தும் பேச்சிலிருந்து விலகின. பூ மட்டும் எஞ்சியது. பூ எஞ்சினால் பூக்கடைக்காரர் வருவார். மே மாதத்தில் காணேசனின் விலை ஏறிற்று. அட்டை அச்சிடுவோரும் இனிப்பு விற்போரும் பின்தொடர்ந்தனர். ஆனா ஜார்விஸ் வெகுண்டெழுந்தார். தம் வாழ்வின் எஞ்சிய பகுதியைத் தாம் நிறுவிய நாளை வணிகரிடமிருந்து மீட்பதிலே செலவிட்டார். வழக்குத் தொடுப்பேன் என்று மிரட்டினார். 1925 இல் பிலடெல்பியாவில் போர்வீரரின் அன்னையர் நடத்திய மாநாட்டிலே புகுந்து, காணேசன் விற்றுப் பணம் திரட்டுவதைக் கண்டித்துக் கூச்சலிட்டமைக்காகக் கைதுமானார். கையிருந்த பொருளெல்லாம் கரைந்தது. 1948 நவம்பரில், திருமணமும் மக்கட்பேறும் அறியாதவராய், ஒரு மருத்துவ விடுதியிலே காலமானார்.

அவர் மீது நமக்கு இரக்கம் உண்டு. ஆனால், அவருடைய சினம் பாதி வழியில் நின்றுவிட்ட சினம். தாய்மாரின் வேலையை நீக்கிவிட்டுத் தாயின் நினைவை மட்டும் சந்தைச் சமுதாயத்தின் முன் வைத்தால், அது அந்நினைவுக்கும் விலை கட்டாமல் வேறென்ன செய்யும்?

பிற நாடுகளின் கதையை விரிக்க இடமில்லை. ஜெர்மனியில் இத்தினத்தை 1923 இல் முன்னின்று பரப்பியவர்கள் பூக்கடை உரிமையாளர் சங்கத்தினரே. பின்னர் நாற்சிகள் அதனை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் நால்வரைப் பெற்றவளுக்கு வெண்கலம், அறுவருக்கு வெள்ளி, எண்மருக்குப் பொன் என்று சிலுவைப் பதக்கம் வழங்கினர். அப்பிள்ளைகள் எங்கே அனுப்பப்பட்டனர் என்பதை உலகம் அறியும். சோவியத் நாடும் 1944 இல், பதின்மரைப் பெற்று வளர்த்தவளுக்கு வீரத்தாய் என்ற பட்டத்தைக் கொடுத்தது. வாசகருட் சிலருக்கு இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் சொல்வது உவப்பாயிராது. ஆயினும், தாயின் வயிற்றை எண்ணிக் கணக்கிடும் அரசாங்கம் எந்நிறக் கொடியை உயர்த்தினாலும் நாம் அதனை ஐயத்தோடுதான் நோக்க வேண்டும். அரபு நாடுகள் பலவற்றிலே மே மாதமன்று, மார்ச் 21 ஆம் நாளே அன்னையர் நாள். எகிப்தியப் பத்திரிகையாளரான முஸ்தபா அமீனும் அவருடைய இரட்டையரான அலி அமீனும் எழுதி எழுதி, 1956 இல் அங்கு அது முதன்முதற் கொண்டாடப்பட்டது. விதவையாய்த் தன் மகனைப் படிப்பித்து மணமுடித்து வைத்து, பின் அவனாலேயே மறக்கப்பட்ட ஒரு தாய் வந்து முறையிட்டதே அதற்குத் தூண்டுகோல் என்பர்.

ஜூலியா ஹவ் கனவு கண்ட அந்த மற்றைய நாள் முற்றாக மறைந்துவிடவில்லை. நமது தீவிலே அது விழாவாக அன்றி வேறுருவில் வந்தது. 1984 இல் யாழ்ப்பாணத்திலே பிள்ளைகள் கைதுசெய்யப்பட்டமைக்கு எதிராக அன்னையர் முன்னணி வீதிக்கு இறங்கியது. 1988 மார்ச் 19 முதல் ஒரு திங்கள் உண்ணாதிருந்து மட்டக்களப்பு மாமாங்கத்திலே உயிர்நீத்த பூபதி அம்மையாரும் அன்னையர் முன்னணியைச் சேர்ந்தவரே. 1990 இல் மாத்தறையிலே சிங்களத் தாய்மார் அதே பெயரோடு காணாமற்போன தம் மைந்தரைத் தேடிப் புறப்பட்டனர். அதே 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் கொல்லப்பட்டோரின் உம்மாமார் எந்த முன்னணியிலும் சேரவில்லை. நமது ஊர்களிலே துக்கத்துக்கு இத்தா அறை உண்டு; வீதி இல்லை.

இனி நமது கரைக்கு வருவோம். பெரியநீலாவணை தொடங்கிப் பொத்துவில் வரையில், தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இந்நீண்ட மணற்பரப்பிலே தாய்க்கென ஒரு நாள் இருந்ததில்லை. ஆனால், வேறொன்று இருந்தது. இன்னும் ஓரளவு இருக்கின்றது. அதுதான் குடி. மருதமுனையிலோ, சாய்ந்தமருதிலோ, நிந்தவூரிலோ, அக்கரைப்பற்றிலோ ஒரு பெரியவரை அணுகி அவர் எந்தக் குடி என்று கேட்டால், அவர் சொல்வது வாப்பாவின் குடியை அன்று, உம்மாவின் குடியை. உம்மாவுக்கு அவருடைய உம்மாவின் குடி. அவருக்கு மூத்தம்மாவின் குடி. ஒரு குடிக்குள்ளே ஒரு தாயின் வழிவந்த கிளையை வயிற்றுவார் என்னும் அழகிய சொல்லாற் குறிப்பர். தாய்க்குடி ஒன்றாயின் மணவுறவு கூடாது. பள்ளிவாசற் பரிபாலனத்திலும் குடிக்கொரு மரைக்கார் என்பது பழைய முறை. அயலிலுள்ள தமிழூர்க் கோயில்களிலும் உரிமைகள் குடிவழியாகவே பகிரப்பட்டன. மார்க்கம் இரண்டாயினும் வயிற்றுவார்க் கணக்கு ஒன்றே.

இம்முறை இங்கே வந்தவாறு யாது? ஊரார் சொல்லும் கதையொன்று உண்டு. முன்னாளில் முக்குவருக்கும் திமிலருக்கும் பெரும் போர் மூண்டதாம். முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்று திமிலரைத் துரத்தினராம். வெற்றிக்குப் பின், கைம்மாறாக யாது வேண்டுமென்று கேட்டபோது, அவர்கள் முக்குவப் பெண்களை மணமுடித்துத் தரக் கேட்டனராம். அப்பெண்களோடு அவர்களுடைய குடிகளும் நிலங்களும் வந்தன என்பது கதை. மட்டக்களப்பின் பழங்கதைகளைக் கூறும் நூல்களிலும் இப்போர் இடம்பெறுகின்றது. வரலாற்றுச் சான்றாக இதனை அப்படியே கொள்வதற்கில்லை. மலையாளக் கரையிலும் மாப்பிள்ளை முஸ்லிம்களிற் சில பிரிவினர் தாய்வழியைப் பேணினர். முக்குவர் தொடர்பும் அக்கரையையே சுட்டுகின்றது. ஆகவே, கடல்வழி வந்த ஒரு பொது மரபென்று கொள்வதே பொருந்தும். ஆயினும் அக்கதையில் ஓருண்மை உண்டு. நிலம் பெண்ணோடு வந்தது என்பதை அது மறைக்கவில்லை. மற்றோருண்மையையும் அது அறியாமலே சொல்லிவிடுகின்றது: பெண்களைக் கொடுத்தோரும் ஆண்கள், கேட்டோரும் ஆண்கள், அப்பெண்களை எவரும் கேட்டதாகக் கதையில் இல்லை.

தாய்வழி என்றதும் தாயாட்சி என்று மகிழ்ந்துவிடும் நண்பர்களுக்காகவே இதனை எடுத்துக் காட்டினோம். வயிற்றுவார் உம்மாவுடையது, அதன் பேரால் பள்ளிவாசலில் அமரும் மரைக்கார் ஆண். பழைய முக்குவச் சட்டத்திலும் முதுசொத்து தாய்வழியே இறங்கிற்றாயினும், மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்கே சென்றது. கிறிஸ்தோபர் பிரித்தோ என்பார் அச்சட்டத்தைத் தொகுத்து 1876 இல் நூலாக்கினார். அதே ஆண்டிலே பிரித்தானிய ஆட்சி இயற்றிய விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் அதனை வழக்கொழியச் செய்தது. எழுதி முடித்த கையோடு இறந்துபோன சட்டம் அது.

சட்டம் இறந்ததேயன்றி வழக்கம் இறக்கவில்லை, வேறு வடிவெடுத்தது. சாவுக்குப் பின் சொத்து இறங்குவதற்குப் பதிலாக, வாழும்போதே மகள் பேரில் எழுதிக்கொடுப்பது பரவிற்று. முஸ்லிம்களைப் பொறுத்தவரை மார்க்கச் சட்டப்படி மகளின் பங்கு மகனின் பங்கிற் பாதி. ஆனால், உயிரோடிருக்கும்போது கொடையாகக் கொடுப்பதற்கு அக்கணக்கு இல்லை. மகளுக்குக் கலியாணம் முற்றானதும் வீட்டையும் வளவையும் நொத்தாரிசு முன்னிலையில் அவள் பேருக்கு எழுதிவிடுவர். மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து வாழ்வார். பெற்றாரோ தாம் வாழ்ந்த வீட்டை மூத்தவளுக்கு விட்டு, அதே வளவின் மூலையில் மற்றொரு வீடு கட்டி இளையவர்களோடு அங்கே பெயர்வர். அடுத்தவளுக்கு அவ்வீடு. இவ்வாறு ஒரு வளவுக்குள்ளே தமக்கை தங்கையர் வீடுகள் தோளோடு தோளாக எழுந்து நிற்கும். கணவன் கோபித்து எழுந்தால் வெளியேற வேண்டியவன் அவனேயன்றி அவளல்லள். பிள்ளை பெற்றவளைப் பார்க்கத் தாய் பஸ் ஏறி வர வேண்டியதில்லை. வேலியைக் கடந்தாற் போதும். ஆன் ஜார்விஸ் கழகம் அமைத்து உண்டாக்க முயன்ற அயலுதவி, நமது வளவுகளில் வேலியோரத்திலேயே இருந்தது.

இதைச் சொல்லும்போது அதன் மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையன்று. வீடு பெண்ணுக்குப் பாதுகாப்பு. அதே வீடு அவளைப் பெற்றவளுக்குப் பாரம். பெண்மக்கள் நால்வராயின் வீடுகள் நான்கு. வளவோ ஒன்று, கல்முனைக் கரையில் காணி என்பது கையகலமாகச் சுருங்கிவிட்டது. வீட்டோடு சீதனமாகக் காசும் கேட்கப்பட்டது. 1951 இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலி என்பதைப் பெயர்சொல்லி ஏற்றுக்கொண்டது. மணமகளின் கையொப்பத்தையோ அது வேண்டவில்லை. காணி உறுதியிலே ஒப்பமிடும் பெண்ணுக்குத் தன் விவாகப் பதிவிலே ஒப்பமிட ஓரிடம் வைக்கப்படவில்லை என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

முன்னாளில் நெல்லும் மீனும் மருதமுனைத் தறியும் அவ்வீடுகளைக் கட்டின. 1970 களின் பிற்பகுதி தொட்டு, வளைகுடா நாடுகளின் சமையலறைகள் கட்டலாயின. மகளுக்கு வீடு வேண்டுமென்று, அம்மகளின் குழந்தைப் பருவத்தையே மூத்தம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு உம்மா விமானம் ஏறினாள். பிறர் பிள்ளையைக் குளிப்பாட்டி ஊட்டிய கூலியிலே தன் பிள்ளைக்குக் கல்லும் சீமெந்தும் வந்தன. 2013 இல் அரசாங்கம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய்மார் வீட்டுவேலைக்கு வெளிநாடு செல்லலாகாது என்று சுற்றறிக்கை விடுத்தது. 2022 இல் பொருளாதாரம் நொடிந்து டொலர் தட்டுப்பட்டபோது, அவ்வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைக்குத் தாய் எத்தனை ஆண்டு வேண்டும் என்பதைத் திறைசேரியின் நிலை தீர்மானிக்கும் போலும்!

சீதனத்தை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று நம் முற்போக்கு நண்பர்கள் மேடையில் முழங்குகின்றனர். காசுச் சீதனத்தையும் கைக்கூலியையும் பொறுத்தவரை நாமும் அவ்வணியினரே. ஆனால், வீட்டையும் அதே துடைப்பத்தாற் பெருக்கித் தள்ளுவதை நம்மால் ஏற்க இயலாது. மாப்பிள்ளைக்குப் போகும் காசு வேறு. மகள் பேரிலே நிற்கும் வளவு வேறு. அதனை ஒழிப்பதல்ல, அதைக் கட்டும் பாரத்தைத் தாயின் தலையிலிருந்து இறக்குவதே வேலை. அப்பாரத்தில் ஆண்மக்களுக்கும் மாப்பிள்ளைமாருக்கும் பங்கில்லையா?

உம்மாவின் வளவுக்கு வெளியிலிருந்து வந்த கேட்டையும் சொல்ல வேண்டும். அது பகையாய் வரவில்லை, அபிவிருத்தியாய் வந்தது. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் காணியற்றோருக்கு அரச காணியை அனுமதிப்பத்திரத்திலே வழங்கிற்று. நற்செயலே. ஆனால், அதன் அட்டவணை உரித்தாளியின் வரிசையை வகுக்கையில் மகனை முன்னும் மகளைப் பின்னும் நிறுத்திற்று. அக்காணியை நினைத்தவாறு துண்டாக்கி மகள்மாருக்கு எழுதிக்கொடுக்கவும் முடியாது. 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிக் காடு கழனியாயிற்று. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமுமாயிற்று. இப்பெரும் மாற்றத்தினூடே, அனுமதிப்பத்திரம் சென்ற இடமெல்லாம் மகனை முற்படுத்தும் அவ்வரிசையும் உடன்சென்றது. உறுதிக்காணி உம்மாவுடையது, அரச காணி வாப்பாவுடையது என்று ஒரு குடும்பத்துக்குள்ளேயே இரண்டு நியாயங்கள் உண்டாயின.

2004 டிசம்பர் 26 இல் கடல் எழுந்தது. அம்பாறை மாவட்டத்திலே மாண்டோர் பத்தாயிரத்துக்கு மேல்; பெண்களும் பிள்ளைகளுமே பெரும்பான்மையினர். கடலோரத்திலே தமக்கை தங்கையர் வீடுகள் வரிசையாய் நின்ற வளவுகள் அத்திவாரத்தோடு பெயர்ந்தன. உறுதிகளும் நீரோடு போயின. பின் உதவி வந்தது. கரையிலிருந்து இருநூறு மீற்றருக்குள்ளே கட்டலாகாது என்று முதலில் விதித்தனர். வேறிடத்திலே புதுவீடு என்றனர். பெயர்ப் பட்டியலைத் தயாரிக்க வந்தோரின் தாளிலே ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கூடு இருந்தது. அக்கூட்டில் எழுதப்பட்டவர் பெரும்பாலும் கணவர். இழந்த வீடு மனைவியுடையது. கிடைத்த வீடு கணவனுடையது. எவரும் திட்டமிட்டுப் பறித்ததன்று. ஒரு தாளிலே ஒரு கூடு, அவ்வளவே. தலைமுறை தலைமுறையாகத் தாய்வழி நின்ற உரிமை பேனாவின் ஒரு கீறலிலே திசைமாறிற்று. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதனைக் கண்டு, வீட்டைப் பெண்ணின் பேரிலோ இருவர் பேரிலுமோ எழுதுங்கள் என்று கந்தோர் கந்தோராக ஏறியிறங்கின. ஆன் ஜார்விஸ் இருந்திருந்தால் அவர்களோடு நடந்திருப்பார் என்றே எண்ணுகின்றோம். அவருடைய மகளைப் பற்றி அவ்வாறு சொல்லத் துணியோம்.

கணவர் நல்லவராயின் பேதமென்ன என்று கேட்பாருண்டு. நல்லவரும் ஒருநாள் இறப்பர். அன்று அவ்வீடு அவருடைய சொத்தாகவே பங்குக்கு வரும். மகனுக்கு இரண்டென்றும் மகளுக்கு ஒன்றென்றும் பிரியும். உம்மா தன் கையால் மகளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. அவள் அவ்வீட்டிலே வாழலாம், வழங்க முடியாது.

காணி அபிவிருத்திச் சட்டத்தில் மகனை முன்வைத்த அந்த வரிசை 2022 இல் திருத்தப்பட்டது. எண்பத்தேழு ஆண்டு சென்றது. 1935 இல் அதனை வரைந்தோர், இத்தீவின் கீழ்க்கரையிலே நிலம் தாய்வழி இறங்குகின்றது என்பதை அறிய நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பிரித்தோவின் நூல் அச்சேறி அப்போதே ஏறக்குறைய அறுபது ஆண்டு ஆகியிருந்தது.